மடத்து முற்றத்தை எப்படிப் பார்ப்பது: இடைக்கால கிளாய்ஸ்டர் தோட்டங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஐரோப்பாவில் ஒரு பழைய பேராலயத்துக்குப் போகிறோம். கண்ணாடி ஓவியங்களை அண்ணாந்து பார்க்கிறோம், நாலு படம் எடுக்கிறோம். அப்புறம் பக்கச் சுவரில் ஒரு கதவு தெரிகிறது. தள்ளிப் பார்த்தால் ஒரு சதுர முற்றம். நடுவில் வெறும் புல், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "தோட்டம் என்றார்களே, பூச்செடிகூட இல்லையே" என்று இரண்டே நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறோம். நானும் முதல் தடவை அப்படித்தான் வந்தேன். அந்த மடத்தின் சாப்பாடு, தூக்கம், படிப்பு, குளியல், கூட்டம் எல்லாமே அந்தப் புல்லைச் சுற்றித்தான் நடந்தன என்பது பிறகுதான் தெரிந்தது. இப்போதெல்லாம் ஆலயத்துக்குள் நுழைவதற்கு முன்பே முற்றத்துக்குப் போய்விடுகிறேன்.

இந்த முற்றத்துக்குத்தான் கிளாய்ஸ்டர் என்று பெயர். தாழ்ப்பாள், அடைப்பு என்ற பொருள் கொண்ட 'கிளாஸ்ட்ரும்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அமைப்பைப் புரிந்துகொள்வது நமக்குச் சுலபம்: நம் பழைய வீடுகளின் முற்றத்தையும் அதைச் சுற்றிய தாழ்வாரத்தையும் பத்து மடங்கு பெரிதாக்கிக்கொள்ளுங்கள். ஆறாம் நூற்றாண்டில் துறவிகளுக்கு ஒழுங்குமுறை எழுதிய புனித பெனடிக்ட் (தமிழ்க் கத்தோலிக்கருக்கு இவர் ஆசீர்வாதப்பர்), தண்ணீர், மாவரைக்கும் ஆலை, தோட்டம் எல்லாம் மடத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், துறவிகள் வெளியே அலையக் கூடாது என்றார். வெளியே போகாதவர்களுக்கு வானமும் வெயிலும் வேண்டுமே! அதற்குத்தான் இந்த முற்றம்.

முதலில் ஒரு வரைபடம்

கிளம்புவதற்கு முந்தின நாள் வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை இது. சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் மட நூலகத்தில் 820-830 வாக்கில் வரைந்த ஒரு வரைபடம் இருக்கிறது. ஐந்து தோல் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, 112 செ.மீ. நீளத்தில், சிவப்புக் கோடுகளால் ஒரு முழு மடத்தையும் போட்டிருக்கிறார்கள். ரைக்கனவ் தீவு மடத்தில் வரைந்து, சாங்க்ட் காலன் மடத்தலைவர் கோஸ்பெர்ட்டுக்கு அனுப்பியது. அதில் உள்ளபடியே எந்த மடத்தையும் யாரும் கட்டவில்லை. ஆனாலும் ஒரு மடம் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் மனதில் இருந்ததை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் வேறு இல்லை. இணையத்தில் அதன் படம் கிடைக்கிறது. பெரிதாக்கிப் பாருங்கள்.

ஆலயத்தின் தென்புறத்தில் சுமார் 100 அடிச் சதுரமாக முற்றம். நான்கு பக்கத்திலிருந்தும் நான்கு பாதைகள் நடுவில் வந்து சேர்கின்றன. சேரும் இடத்தில் 'சவினா' என்று ஒரே ஒரு செடியின் பெயர். அது ஜூனிப்பர் வகை. அந்த முற்றத்தில் வேறு செடியின் பெயரே கிடையாது.

அப்படியென்றால் மற்ற செடிகள் எங்கே? கண்ணைக் கொஞ்சம் நகர்த்துங்கள். மருத்துவர் வீட்டுக்குப் பக்கத்தில் 16 பாத்திகளில் மூலிகைத் தோட்டம்: சேஜ், அருவதா, புதினா, பெருஞ்சீரகம், ரோஜா, லில்லி. இன்னொரு பக்கம் 18 பாத்திகளில் காய்கறித் தோட்டம்: வெங்காயம், பூண்டு, கொத்தமல்லி, முள்ளங்கி, கசகசா, கருஞ்சீரகம்கூட உண்டு. பழமரங்கள் இடுகாட்டில், கல்லறைகளுக்கு நடுவே நிற்கின்றன. ஆக ஒரு மடத்தில் தோட்டம் ஒன்றல்ல, நாலு. மூன்று தோட்டங்கள் வயிற்றுக்கும் உடம்புக்கும். நடுமுற்றம் மட்டும் எதையும் விளைவிக்காமல் இருந்தது. இதை மனதில் வாங்கிக்கொண்டு போனால் 'பூச்செடி இல்லையே' என்ற ஏமாற்றம் வராது.

முற்றத்தில் நின்று திசை பாருங்கள்

நேரில் போனதும் முதல் வேலை, ஆலயம் எந்தப் பக்கம் என்று பார்ப்பது. இடைக்கால ஆலயங்கள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக நீண்டிருக்கும். வட ஐரோப்பாவில் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்தேதான் இருக்கும். முற்றத்தை ஆலயத்தின் வடக்கில் வைத்தால் உயர்ந்த சுவரின் நிழல் குளிர்காலம் பூராவும் அதன்மேல் விழும். தெற்கில் வைத்தால் அதே சுவர் வாடைக்காற்றைத் தடுக்கும், வெயிலும் கிடைக்கும். அதனால் தெற்குதான் வழக்கம்.

வழக்கம் மாறியிருந்தால் அங்கே ஏதோ காரணம் இருக்கிறது என்று தேடுங்கள். இங்கிலாந்தின் கேன்டர்பரியிலும் குளோஸ்டரிலும் முற்றம் வடக்கில். பிரான்சின் தெற்கே லெ தோரோனே மடத்திலும் வடக்கில்தான். நகரம் நெருக்கிக்கொண்டு நிற்பது, தண்ணீர் வரும் வழி, நிலத்தின் சரிவு என்று காரணங்கள் ஊருக்கு ஊர் மாறும். லெ தோரோனேயில் தரை சரிவாக இருப்பதால் முற்றம் சதுரமாகவே இல்லை, கோணிக்கொண்டு நிற்கிறது. தாழ்வாரத்தில் நடக்கும்போதே படி இறங்க வேண்டியிருக்கும். எனக்கு அந்தக் கோணல் பிடிக்கும். ஒரே திட்டத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்கள் அந்தந்த மண்ணுக்கு வளைந்து கொடுத்ததைக் காலால் உணர முடிகிறது.

நான்கு தாழ்வாரங்களையும் நடந்து முடியுங்கள்

இப்போது நடை. புல்லைப் பார்க்காதீர்கள், அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். சுவர்ப் பக்கம் உள்ள கதவுகளை மட்டும் பாருங்கள்.

கிழக்குத் தாழ்வாரத்தில் வேலைப்பாடு மிகுந்த ஒரு வாசல் இருக்கும். அது பேரவைக் கூடம். தினமும் துறவிகள் கூடி, ஒழுங்குமுறையில் ஓர் அதிகாரத்தை வாசிக்கக் கேட்டு, குற்றங்களை ஒப்புக்கொண்டு, மடத்துக் காரியங்களைப் பேசிய இடம். அதற்கு மேல் மாடியில் உறங்கும் கூடம். அங்கிருந்து நேராக ஆலயத்துக்குள் இறங்கும் படிக்கட்டு சில இடங்களில் இன்னும் இருக்கிறது. நள்ளிரவுச் செபத்துக்குத் தூக்கக் கலக்கத்தோடு இறங்கிய படி அது. ஆலயத்துக்கு எதிர்த்த பக்கம் சாப்பாட்டுக் கூடம். சமையல் வாடையும் சத்தமும் வழிபாட்டுக்கு எட்டாத தூரம். மேற்கில் பண்டகசாலை, வெளி உலகத்தோடு கொடுக்கல் வாங்கல் எல்லாம் அந்தப் பக்கம்தான். மிச்சமிருப்பது ஆலயச் சுவரை ஒட்டிய தாழ்வாரம். அது படிப்பதற்கு.

இந்த அடுக்கு ஒரு தடவை மனதில் பதிந்துவிட்டால் போதும். ஸ்காட்லாந்திலோ ஸ்பெயினிலோ, கூரை இடிந்து அடித்தளம் மட்டும் மிஞ்சிய மடத்தில்கூட எது எங்கே இருந்தது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

தண்ணீர் எங்கே என்று தேடுங்கள்

எனக்கு இந்த வழிகாட்டியில் மிகப் பிரியமான பகுதி இது. சாப்பாட்டுக் கூடத்தின் வாசலுக்குப் பக்கத்தில் கை கழுவும் இடம் இருந்தே தீர வேண்டும். அதைக் கண்டுபிடியுங்கள்.

குளோஸ்டரில் அது கெடாமல் இருக்கிறது. (ஊர் குளோஸ்டர், முற்றம் கிளாய்ஸ்டர், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அங்கே தாழ்வாரத்தின் கூரையே ஒரு அதிசயம். தூணிலிருந்து கல் விரல்கள் விசிறியாக விரிந்து ஒன்றையொன்று தொடும். 1351க்குப் பிறகு தொடங்கி 1412 வாக்கில் முடித்தார்கள். எல்லாரும் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே போய்விடுவார்கள். நீங்கள் வடக்குத் தாழ்வாரத்தில் நில்லுங்கள். முற்றத்தின் பக்கமாக ஒரு குறுகிய அறை வெளியே நீண்டிருக்கும். உள்ளே சன்னல் வரிசைக்குக் கீழே நீளமான கல்தொட்டி. தலைக்கு மேலே அதே விசிறிக் கூரை, பொம்மை வீட்டு அளவில். சாப்பாட்டுக்கு முன் துறவிகள் வரிசையாக நின்று கை கழுவியது இங்கேதான். அப்படியே திரும்பி எதிர்ச்சுவரைப் பாருங்கள். சுவருக்குள் ஒரு மாடம். ஈரக் கையைத் துடைக்கத் துண்டு தொங்கிய இடம். தொட்டிக்கும் துண்டுக்கும் நாலு எட்டுத்தான். அறுநூறு வருடத்துக்கு முந்தைய ஒரு கட்டடக்காரர் ஈரக் கையோடு திரும்பும் ஒரு மனிதரை நினைத்துப் பார்த்து அந்த மாடத்தை அங்கே வைத்திருக்கிறார். அதைப் பார்த்தபோது எனக்கு ஆலயத்தின் பெரிய கிழக்குச் சன்னலைப் பார்த்ததைவிட மனம் நிறைந்தது.

டர்ஹமில் பழைய தொட்டி முற்றத்தின் நடுவிலேயே கிடக்கிறது. லெ தோரோனேயில் அதற்கென்று ஆறு பக்கம் கொண்ட ஒரு தனிக் கல்வீடே உண்டு. சிசிலியின் மொன்ரேயாலேயில் முற்றத்தின் ஒரு மூலையை மட்டும் குட்டி முற்றமாகத் தடுத்து, நடுவில் பனைமரம் போன்ற தண்டு கொண்ட நீரூற்று வைத்திருக்கிறார்கள்.

தண்ணீர் எப்படி வந்தது என்று தெரிய வேண்டுமானால் கேன்டர்பரியின் வரைபடத்தைப் பாருங்கள். 1165 வாக்கில், விபெர்ட் என்பவர் அங்கே மடத்து முதல்வராக இருந்த காலத்தில் போட்ட குழாய்த் திட்டம் அது. நகருக்கு வெளியே ஊற்றுக்கண் தொடங்கி, வடிகட்டும் தொட்டிகள், குழாய்கள், கழிவு வடிகால் வரை வண்ணக் கோடுகளில் வரைந்திருக்கிறார்கள். இப்போது கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் உள்ள, விவிலியத்தின் திருப்பாடல்கள் அடங்கிய ஒரு கையெழுத்துப் புத்தகத்தில் அது இருக்கிறது. நோயாளிகள் கூடத்துப் பக்கத்து முற்றத்தில் 'மூலிகைத் தோட்டம்' என்று எழுதியிருப்பதையும் தவற விடாதீர்கள். சாங்க்ட் காலன் வரைபடம் சொன்னதை நிஜ மடம் ஒன்று ஒப்புக்கொள்ளும் இடம் அது.

கல் பெஞ்சில் உட்காருங்கள்

பெனடிக்டின் ஒழுங்குமுறைப்படி தவக்காலத் தொடக்கத்தில் ஒவ்வொரு துறவிக்கும் ஒரு புத்தகம். முதலிலிருந்து கடைசிவரை அதை வாசிக்க வேண்டும். எங்கே வாசிப்பது? தாழ்வாரத்தில்தான். குளோஸ்டரில் ஆலயச் சுவரை ஒட்டிய தாழ்வாரத்தில் 20 சிறு கல்லறைகள் (இடுகாட்டுக் கல்லறை அல்ல, கல்லால் ஆன அறை) வரிசையாக இருக்கின்றன. ஒரு ஆள், ஒரு மேசை, முன்னால் சன்னல், அவ்வளவுதான் இடம். அதில் ஒன்றின் முன்னால் நின்று பாருங்கள். குளிர்காலத்தில், நெருப்புக்கூட இல்லாத அந்த இடத்தில் உட்கார்ந்துதான் புத்தகங்களைப் படித்தார்கள், பிரதி எடுத்தார்கள்.

எல்லா நேரமும் அங்கே மௌனம் கனத்துக் கிடந்தது என்று நினைக்க வேண்டாம். பேச அனுமதித்த நேரம் உண்டு. தலை மழிப்பது தாழ்வாரத்தில் நடக்கும். ஞாயிறன்று பவனி இந்த நான்கு தாழ்வாரத்தையும் சுற்றி வரும். பெரிய வியாழனன்று ஏழைகளின் பாதம் கழுவும் சடங்கும் இங்கேதான்.

தூண் தலைகளைப் படியுங்கள்

தெற்கு ஐரோப்பாவுக்குப் போகிறவர்களுக்கு இது முக்கியம். அங்கே தூண்களின் தலைப்பகுதியில் சிற்பம் இருக்கும். பிரான்சின் முவாசாக்கில் 76 தூண் தலைகள்: விவிலியக் கதைகள், புனிதர்கள், மிருகங்கள், இலைக்கொடிகள். தூண் ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று மாறி மாறி வருவதைக் கவனியுங்கள். நடக்கும்போது அது ஒரு தாளமாகவே விழும். மடத்தலைவர் அன்ஸ்கிடில் காலத்தில் 1100-இல் செய்தது என்று கல்லிலேயே எழுதியிருக்கிறது. ஆண்டு எழுதிய கல் கிடைப்பது அந்தக் காலத்துக்கு அபூர்வம். 1850களில் ரயில் பாதை போட்டபோது அந்த மடத்தின் சாப்பாட்டுக் கூடம் போய்விட்டது. முற்றம் தப்பித்தது.

ஸ்பெயினின் சாந்தோ தொமிங்கோ தே சிலோஸில் மூலைத் தூண்களில் பெரிய புடைப்புச் சிற்பங்கள். ஒன்றில், உயிர்த்த கிறிஸ்துவின் விலாவில் விரல் வைத்துப் பார்க்கிறார் தோமா. நம் சாந்தோமுக்குப் பெயர் தந்த அதே தோமா. இன்னொன்றில் எம்மாவுஸுக்கு நடந்து போகும் கிறிஸ்துவின் தோள்பையில் ஒரு சிப்பி. சாந்தியாகோவுக்கு யாத்திரை போகிறவர்களின் அடையாளம் அது. பார்சிலோனாவுக்கு அருகே சான் குகாட் மடத்தில் ஒரு தூண் தலையில், உளியும் கையுமாக உட்கார்ந்து வேலை செய்கிற சிற்பி. பக்கத்தில், இந்த முற்றத்தைச் செய்த அர்னாவ் காதெல் இவர்தான் என்று எழுத்து. தன் முகத்தைத் தானே செதுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

சிற்பமே இல்லாத முற்றமும் வரும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். 1125 வாக்கில் சிஸ்டர்சிய சபையின் புனித பெர்நார்து கோபமாக எழுதினார்: படித்துக்கொண்டிருக்கும் சகோதரர்களின் கண் முன்னால் குரங்கும் சிங்கமும் பாதி மனிதப் பிராணிகளும் எதற்கு? புத்தகத்தை விட்டுவிட்டுக் கல்லையே படித்துக்கொண்டிருப்பார்களே! அவர் சபையின் ஃபோந்தனே, லெ தோரோனே போன்ற மடங்களில் தூண் தலையில் ஓர் இலை இருந்தால் அதிகம். அங்கே வெயிலும் நிழலும்தான் அலங்காரம். அந்தச் சண்டையில் யார் பக்கம் என்று கேட்டால், முவாசாக்கில் நிற்கும்போது சிற்பிகளின் பக்கம், லெ தோரோனேயில் நிற்கும்போது பெர்நார்தின் பக்கம் என்றுதான் சொல்வேன்.

இப்போது புல்

சரி, கடைசிக்கு வைத்ததை இப்போது பார்க்கலாம். தாழ்வாரத்துச் சுவரில் முழங்கை ஊன்றி, பத்து நிமிடம், கைபேசியை எடுக்காமல்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஹ்யூ தெ ஃபூயுவா என்ற துறவி இதைப் பற்றி எழுதியிருக்கிறார். முற்றத்து நடுவில் உள்ள பசும்புல், அடைபட்டு வாழ்கிறவர்களின் கண்ணுக்கு இதம் தருகிறது; பார்த்தபின் படிக்கும் ஆசை திரும்ப வருகிறது; பச்சை கண்ணைப் போஷிக்கும் நிறம் என்கிறார். பொடி எழுத்தை வாசித்து எரியும் கண்ணோடு நிமிர்ந்தால், எதிரே ஒரு பச்சைச் சதுரம். அதுதான் அந்தத் தோட்டத்தின் வேலை.

அந்தக் காலப் புல்தரையை எப்படிப் போடுவார்கள் என்பதற்கும் எழுத்து இருக்கிறது. 1260 வாக்கில் பெரிய ஆல்பர்ட் (ஆல்பர்ட்டஸ் மாக்னுஸ்) என்ற துறவி அறிஞர், செடிகளைப் பற்றிய தன் நூலில் இன்பத்தோட்டம் அமைக்கும் முறையைச் சொல்கிறார். மடத்து முற்றத்துக்கென்று அவர் எழுதவில்லை, ஆனால் வேலை இதேதான். முதலில் நிலத்தில் உள்ள வேர்களையெல்லாம் தோண்டி எடு. தரையைச் சமப்படுத்து. மண்ணில் ஒளிந்திருக்கும் விதைகள் முளைக்காதபடி கொதிக்கும் தண்ணீரை நிலம் முழுக்க ஊற்று. அப்புறம் நல்ல புல் வளர்ந்த இடத்திலிருந்து மண்ணோடு வெட்டியெடுத்த புல்கட்டிகளைப் பரப்பு. அகலமான மரச் சம்மட்டியால் அடி. புல் கண்ணுக்கே தெரியாத அளவு காலால் மிதி. கொஞ்சம் கொஞ்சமாக மயிர் போல மெல்லிய புல் நெருக்கமாகக் கிளம்பி, தரைமேல் பச்சைத் துணி விரித்தது போல மூடிவிடும். வீட்டில் புல்தரை போட நினைப்பவர்களுக்கு இன்றைக்கும் இது பாதிக்குமேல் உதவும்.

எது பழசு, எது புதுசு

இங்கேதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். கல் பழசாக இருப்பதால் செடியும் பழசு என்று நினைத்துவிடக் கூடாது. சால்ஸ்பரி முற்றத்தில் கம்பீரமாக நிற்கும் இரண்டு லெபனான் கேதுரு மரங்கள், விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்த 1837-இல் நட்டவை. சிலோஸின் புகழ்பெற்ற சைப்ரஸ் 1882-இல் வைத்தது. இரண்டும் அழகுதான், இருக்கட்டும். ஆனால் அவற்றை வைத்து இடைக்காலத் தோட்டம் இப்படி இருந்தது என்று முடிவு கட்டாதீர்கள். நேர்த்தியாக வெட்டிய வேலிச்செடியும் வட்டப் பூப்பாத்தியும் தெரிந்தால் அநேகமாக அது பிற்காலத்து வேலை.

சால்ஸ்பரியில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அங்கே மடமே இருந்ததில்லை. குருக்கள் தனித்தனி வீடுகளில் வாழ்ந்தார்கள். சாப்பாட்டுக் கூடமோ உறங்கும் கூடமோ தேவைப்படாத இடத்தில், பிரிட்டனின் பேராலயங்களிலேயே பெரிய கிளாய்ஸ்டரைக் கட்டியிருக்கிறார்கள். அந்த வடிவத்தின் மீது அவ்வளவு ஆசை.

நிஜமான மூலிகைகளைப் பார்க்க வேண்டுமா? நியூயார்க்கின் 'தி கிளாய்ஸ்டர்ஸ்' அருங்காட்சியகத்துக்குப் போங்கள். பிரான்சிலிருந்து கொண்டுவந்த மடத்துத் தூண்களை வைத்துக் கட்டி 1938-இல் திறந்தது. அதன் பொன்ஃபோன் முற்றத்தில் இடைக்காலத்தில் பயன்பட்ட செடிகளைப் பாத்தி பாத்தியாக வளர்க்கிறார்கள். நடுவில் நான்கு குவின்ஸ் மரங்கள். முற்றத்துக்குள் மூலிகை வைப்பது அன்றைய வழக்கத்துக்கு அப்படியே பொருந்தாது என்பதை மட்டும் மறக்காதீர்கள். போவதற்கு முன், ஒன்பதாம் நூற்றாண்டில் ரைக்கனவ் மடத்தலைவராக இருந்த வாலாஃப்ரிட் ஸ்ட்ராபோ தன் தோட்டத்தைப் பற்றி எழுதிய லத்தீன் கவிதையின் மொழிபெயர்ப்பு கிடைத்தால் வாசித்துவிடுங்கள். வாசலுக்கு முன்னால் காஞ்சொறி மண்டிக் கிடந்தது, வேர் பின்னிக்கொண்டிருந்ததைக் கொத்திப் பிடுங்கினேன், மண் கரையாமல் பலகை அடித்துப் பாத்தி கட்டினேன் என்று தொடங்குவார். மடத்தலைவர் கையில் மண் ஒட்டியிருப்பது அந்த வரிகளில் தெரியும்.

எங்கிருந்து தொடங்கலாம்

இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு என் சிபாரிசு குளோஸ்டர். அடுத்தது கேன்டர்பரி, 1170 டிசம்பர் 29 அன்று பேராயர் தாமஸ் பெக்கெட், துரத்தி வந்த வீரர்களுக்கு முன்னால் அந்த முற்றத்துத் தாழ்வாரம் வழியாகத்தான் ஆலயத்துக்குள் நுழைந்தார். மூன்றாவதாக யார்க்‌ஷயரின் மவுண்ட் கிரேஸ். 1398-இல் தொடங்கிய கார்த்தூசிய மடம், இப்போது இடிபாடு. அங்கே ஒவ்வொரு துறவிக்கும் தனி வீடு, தனித் தோட்டம், குழாய்த் தண்ணீர். சாப்பாடு கொடுக்கும் சுவர்ப் பொந்து வளைந்து போகும். கொடுப்பவர் முகம் வாங்குபவருக்குத் தெரியாது. ஒரு வீட்டைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். பொந்துக்குள் கையை விட்டுப் பாருங்கள்.

பிரான்சில் மோன் சான் மிஷேல் போனால், 1228-இல் முடித்த அந்த முற்றம் தரையில் இல்லை என்பது நினைவிருக்கட்டும். உங்கள் காலுக்குக் கீழே ஒரு பெரிய மண்டபம், அதற்கும் கீழே பண்டகசாலை, அப்புறம்தான் பாறை.

பிள்ளைகளோடு போகிறவர்கள் பார்சிலோனா பேராலயத்துக்குப் போங்கள். அங்கே முற்றத்தில் பனைமரங்களுக்கும் குளத்துக்கும் நடுவே 13 வெள்ளை வாத்துகள் உலாவும். நகரின் பாதுகாவலி புனித எவுலாலியா வேதசாட்சியாக இறந்தபோது வயது 13, அந்தக் கணக்கு. நற்கருணைப் பெருவிழா சமயத்தில் போக முடிந்தால் இன்னும் நல்லது. அங்கே உள்ள நீரூற்றைப் பூவால் அலங்கரித்து, உள்ளே காலியாக்கிய ஒரு முட்டையைத் தண்ணீர்ப் பீச்சின் நுனியில் வைப்பார்கள். அது விழாமல் சுழன்று சுழன்று ஆடிக்கொண்டே இருக்கும். தாழ்வாரம் முழுக்க ஆட்கள் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.